ஒன்றாம் எண் கூண்டும் நம் லிஃப்ட் சுவர்க் கோடும்



ஐப்பசி பிறந்துவிட்டால் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று இரண்டு வரி இருக்கும். நாமும் படித்துவிட்டு ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கூண்டு எங்கிருந்து வந்தது, யார் ஏற்றச் சொன்னது, ஒன்றுக்கும் பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. நானும் யோசித்திருக்க மாட்டேன், நாகப்பட்டினத்தில் வேலை பார்த்திராவிட்டால்.

இந்த இதழில் அந்தக் கூண்டின் கதையைச் சொல்லப் போகிறேன். நம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு கமிட்டி ஒப்புதல் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதையொட்டி எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கதைக்கும் வேண்டுகோளுக்கும் சம்பந்தம் உண்டு. கடைசி வரை படியுங்கள்.

நாகப்பட்டினத்து அம்மா

பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில், என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். நகைக்கடன் கவுண்டர் என் பொறுப்பு. மீனவக் குடும்பத்துப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். ஒருநாள் ஓர் அம்மா வட்டி கட்ட வந்திருந்தார். அன்று வரிசை நீளம். அவர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் விடுங்க. கூண்டு மூணுக்கு ஏறியிருச்சு. போட்டையும் வலையையும் மேல ஏத்தணும்" என்றார்.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இடது கைப் பெருவிரல் ரேகைதான். ஆனால் வரும் வழியில் கம்பத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த சில மணி நேரத்தில் தான் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வணிகவியல் பட்டதாரியான எனக்கு அன்றைக்குக் கூண்டு என்றால் என்னவென்றே தெரியாது. அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கொம்புத் தகடும் ஒரு கடிதமும்

கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், கப்பலில் வேலை பார்த்துப் பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டவர். புயலில் சிக்கி வந்த கப்பல்களின் குறிப்பேடுகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, காற்று எந்தத் திசையில் எப்போது வீசியது என்று வருடக்கணக்காகக் கணக்குப் பார்த்தார். புயல் நேர்கோட்டில் அடிக்கும் காற்று அல்ல, சுழன்றுகொண்டே நகர்வது என்பது அந்தக் கணக்கில் தெளிவாயிற்று. பாம்பு சுருண்டிருப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தவர் அவர்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பிடித்தது. 1848இல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். அதோடு, கொம்பைச் சீவிச் செய்த, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தகடுகளையும் கொடுத்தார். தகட்டில் புயலின் சுழற்சி வட்டமாக வரையப்பட்டிருக்கும். நடுக்கடலில் இருக்கும் கேப்டன் அதைத் தன் வரைபடத்தின் மேல் வைத்து, இப்போது வீசும் காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்தால் போதும். புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரிய விஞ்ஞானத்தை வேலை செய்பவன் கையில் பிடிக்கும் பொருளாக மாற்றிக் கொடுத்தார்.

அதே மனிதர் ஒரு விஷயத்தில் தோற்றும் போனார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, அங்கே வேண்டாம், புயல் வந்தால் கடல் நீர் ஊருக்குள் ஏறிவிடும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுகம் கட்டினார்கள், போர்ட் கேனிங் என்று பெயரும் வைத்தார்கள். 1867இல் வந்த புயல் அதைச் சிதைத்தது. பிறகு கைவிட்டுவிட்டார்கள். பிடிங்டன் 1858இலேயே இறந்துவிட்டார். தாம் சொன்னது பலித்ததை அவர் பார்க்கவில்லை.

தகடு மாலுமியின் கைக்குப் போனது, கடிதம் ஃபைலுக்குப் போனது. ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

1864க்குப் பிறகு

1864 அக்டோபரில் ஒரு பெரும்புயல் கல்கத்தாவைத் தாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல், அங்கும் பல்லாயிரம் உயிர்கள். அதன் பிறகுதான் அரசு அசைந்தது. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. இடையில் 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவையெல்லாம் சேர்ந்து 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு துறைமுகமும் தனக்குத் தோன்றிய அடையாளத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஊரில் பார்த்ததை இன்னோர் ஊரில் பார்த்தால் அர்த்தம் மாறிவிடும். 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே முறை வந்தது. ஏறக்குறைய அதே முறைதான் இன்றைக்கும் நடக்கிறது. பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். அவற்றைத்தான் நம் மக்கள் 'கூண்டு' என்று சொல்கிறார்கள்.

மொத்தம் பதினோரு எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் உருவாகியிருக்கும் கெட்ட வானிலையைச் சொல்பவை. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. மூன்றும் நான்கும் உள்ளூருக்கான எச்சரிக்கை. நாகப்பட்டினத்து அம்மா பதறியது இதனால்தான். ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்து என்றால் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கரை கடக்கும், ஆறு என்றால் வலப்பக்கம் விட்டு, ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை கடும் புயலுக்கு இதே வரிசை. பார்ப்பவனுக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது வரை தெரிந்துவிடும்.

பதினோராம் எண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். வானிலை அலுவலகத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். அதாவது, இனி எங்களுக்கே ஒன்றும் தெரியாது, நீங்களே பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஓர் அடையாளம் வைத்த அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

கூண்டிலிருந்து ஒலிபெருக்கிக்கு

கூண்டு துறைமுகத்தில் இருப்பவர்களுக்கு. துறைமுகம் இல்லாத கடலோரக் கிராமங்களுக்கு? 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அலை வாரிக்கொண்டு போனது. 1977 நவம்பரில் ஆந்திராவில் திவிசீமா பகுதியைப் புயல் தாக்கியதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக ஒரு ஏற்பாடு வந்தது. கடலோர ஊர்களில் ஒரு பெட்டியை வைத்தார்கள். எச்சரிக்கை வரும்போது முதலில் சைரன் ஒலிக்கும், பிறகு அந்த ஊர் மொழியில் அறிவிப்பு வரும். வட தமிழகக் கடற்கரையும் தெற்கு ஆந்திரக் கடற்கரையும்தான் முதலில் அதைப் பெற்றன.

1998இல் இருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 'வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி' என்றெல்லாம் இல்லை. அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் செய்தி. கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு அது போதும்.

பக்கத்தில் நல்லவாடு என்ற ஊரிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தார்கள். சனம் ஓடித் தப்பியது. அலை உயரம் சொல்வதற்காக வைத்த ஒலிபெருக்கி ஊரையே காப்பாற்றியது. தினமும் பயன்பட்ட பொருள் என்பதால்தான் ஆபத்து நேரத்திலும் பயன்பட்டது. பீரோவில் பூட்டி வைத்த ஒலிபெருக்கியாக இருந்தால் அன்று சாவியைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஒடிசாவையும் சொல்ல வேண்டும். 1999 சூப்பர் புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் என்ற கடும் புயல் வந்தபோது பல லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவு. செய்தி போய்ச் சேர்ந்தது, போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்ன செய்வது என்றும் தெரிந்திருந்தது.

நான் தவறவிட்ட எண்

இனி நம் வீட்டுக் கதை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மாலை நம் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பின்பகுதியில் உள்ள நான்கு தரைத்தள வீடுகளில் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். டிவியில் ஏரியிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் படிக்கட்டில் பார்த்து, "சார், பேங்க்ல கணக்குப் பார்த்தவர் நீங்க. இத்தனை ஆயிரம் கன அடின்னா நம்ம தெருவுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. "ஆறு எங்கே, நாம எங்கே டீச்சர். கவலைப்படாம தூங்குங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

அன்றிரவு பின்பக்க வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இரண்டாம் மாடிக்குக் கொண்டு வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கணவர் எழுதிய கடிதங்கள், பென்ஷன் புத்தகம், சர்வீஸ் காகிதங்கள், நாற்பது வருடப் பள்ளிக்கூடப் புகைப்படங்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சில மாதங்களில் அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அன்று அதிகபட்சமாகத் திறந்ததாக அரசு பின்னர் சொன்ன அளவு விநாடிக்கு 29,000 கன அடி. பெருக்கினால் சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்குக் கோடையில் வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால், விநாடிக்கு 68 லாரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் 68 லாரி. இதோடு ஊரில் பெய்த மழையும் சேர்ந்தது. தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்திருந்தது. படிக்கட்டில் டீச்சர் கேட்டபோது 68 லாரி என்று எனக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பெட்டியை மட்டுமாவது மேலே தூக்கி வைத்திருப்பேன்.

எண்ணை யாரும் மறைக்கவில்லை. டிவியிலேயே ஓடியது. கைநாட்டு வைக்கும் அம்மா கூண்டைப் பார்த்து வலையை ஏற்றினார். பட்டம் வாங்கிய நான் எண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

பாஸ்புக்கில் எழுதியிருப்பது

2016 பொதுக்குழுவில் மீட்டர் போர்டையும் மோட்டார் ஸ்டார்ட்டரையும் உயரத்துக்கு மாற்ற வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டு வந்தேன். பெரிய தயாரிப்போடு போனேன். பாரிஸ் ஒப்பந்தம், 1.5 டிகிரி, பி.பி.எம். என்று கால் மணி நேரம் பேசினேன். சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "சார், 1.5 டிகிரின்னா ஏசியை ஒரு பாயிண்ட் குறைச்சா போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அவர் மேல் தப்பில்லை. பிடிங்டனின் கடிதத்தைப் போலத்தான் நான் பேசியிருக்கிறேன். அதே விஷயத்தை இப்போது எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் வானிலையும் காலநிலையும் வேறு. வானிலை என்பது பாஸ்புக்கில் ஒரு நாள் வரவு செலவு. காலநிலை என்பது முப்பது வருடக் கணக்கின் சராசரி. உலக வானிலை அமைப்பே முப்பது வருடத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது. ஒரு நாள் பெருமழையை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது. ஒரு டிசம்பர் குளிரை வைத்து மாறவில்லை என்றும் சொல்லக் கூடாது. ஒரு வாடிக்கையாளரின் ஒரு நாள் கணக்கைப் பார்த்து எந்த மேனேஜரும் கடன் கொடுக்க மாட்டார்.

அந்தப் பாஸ்புக்கை ஒருவர் உண்மையாகவே எழுத ஆரம்பித்தார். சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலைச் சரிவில் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். பத்து லட்சம் பங்கு காற்றில் அன்று சுமார் 315 பங்கு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் அது 280 அளவில் இருந்தது. 2013இல் 400ஐத் தொட்டது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வருடத்துக்குள் அது ஏறும், இறங்கும். வட பகுதியில் மரங்கள் துளிர்க்கும்போது குறையும், இலை உதிர்ந்து மக்கும்போது கூடும். நம் சம்பளக் கணக்கு மாதத்துக்குள் ஏறி இறங்குவது மாதிரி. ஆனால் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் நிலுவை முந்தின வருடத்தைவிட அதிகம். கீலிங் 2005இல் இறந்த பிறகும் பதிவு தொடர்கிறது.

இந்த நிலுவை சேமிப்பு அல்ல, கடன் பாக்கி. நாம் வெளியே விடும் கரியமில வாயுவில் பாதிக்கும் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதியைக் கடலும் மரங்களும் வாங்கிக்கொள்கின்றன. 'போன வருடத்தைவிட இந்த வருடம் கொஞ்சம் குறைவாகப் புகை விட்டோம்' என்றால், இந்த மாதம் கொஞ்சம் குறைவாகக் கடன் வாங்கினோம் என்றுதான் அர்த்தம். பாக்கி குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. படித்தவர்களே குழம்பும் இடம் இது.

அடுத்து டிகிரி. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருப்பதாக மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 0.7 என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வீட்டுக்கடன் வாங்கியவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். 30 லட்சம் கடன், 20 வருடம். வட்டி எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஒன்பது சதவீதம் என்றால் சுமார் 26,990. அரை சதவீதம்தான், மாதம் ஆயிரம் ரூபாய்கூட இல்லை. 20 வருடம் முடியும்போது கூடுதலாகக் கட்டியது 2 லட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டி வரும். சராசரியில் வரும் சிறு மாற்றம் மொத்தக் கணக்கில் இப்படித்தான் தெரியும்.

மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். வாளி பெரிதாகிறது. நிரம்ப நேரம் எடுத்தாலும் எடுக்கலாம், கவிழ்ந்தால் மொத்தமாகக் கவிழும். அதே அரசு அறிக்கைப்படி வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை வருடத்துக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. 25 வருடத்துக்கு மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் உயர்ந்தால் ஆறு வடிய நேரமாகும், ஆறு வடியாவிட்டால் நம் தெருக் கால்வாய் எங்கே வடியும்?

கோடு பேசியது

என் பேச்சு செய்யாததை நம் பழைய வாட்ச்மேன் செய்தார். 2016 கோடையில் லிஃப்ட் பக்கச் சுவரைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள். சேற்றுக்கறையைத் துடைப்பதற்கு முன் அவராகவே மிச்சமிருந்த ரெட் ஆக்ஸைடு பெயின்டை எடுத்து, கறையின் மேல்விளிம்பில் ஒரு கோடு இழுத்து, 2.12.2015 என்று எழுதி வைத்துவிட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவர் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்த்துத்தான் அங்கே ஆற்றின் அளவைப் பேசுவார்கள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அடுத்த கூட்டம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நடந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்ன அதே நண்பர் தற்செயலாக அந்தச் சுவரோரம் நின்றார். கோடு அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மீட்டர் போர்டு அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது. தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. போர்டும் ஸ்டார்ட்டரும் கோட்டுக்கு இரண்டடி மேலே போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பழைய உயரத்தில் இருந்திருந்தால் போர்டின் அடிப்பாகம் நனைந்திருக்கும். இம்முறை நனையவில்லை. தெருவுக்கு மின்சாரம் வந்த அன்றே நம் மோட்டாரும் ஓடியது.

ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சிற்றூர். 1933 சுனாமிக்குப் பிறகு அங்கே மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று செதுக்கி வைத்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைக் கேட்டு நடந்தார்கள். 2011 சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது; ஊர் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் வாட்ச்மேன் அந்தக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வேலை ஒன்றுதான்.

என் வேண்டுகோள்

முதலாவது, பெயின்ட் கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியலில் லிஃப்ட் பக்கச் சுவரும் இருக்கிறது. அந்தக் கோட்டை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்றால் ஒரு சின்னக் கிரானைட் பட்டையாகப் பதித்துவிடலாம். மேலே 2015, கீழே 2023. வீடு வாடகைக்குப் போகாது என்று சிலர் பயப்படுவது எனக்குத் தெரியும். கோட்டை அழித்தால் தண்ணீர் வராமல் இருந்துவிடாது. புதிதாகக் குடிவருபவர் தன் டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, மழைக்காலத்தில் நோட்டீஸ் போர்டில் மழையளவை டேங்கர் கணக்கில் எழுதுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நம் மொட்டை மாடி சுமார் 6,000 சதுர அடி, அதாவது 557 சதுர மீட்டர். கனமழை என்று வானிலைத் துறை சொல்லத் தொடங்கும் அளவு 6.45 செ.மீ.; நம் மாடியில் மட்டும் மூன்று லாரி. மிக கனமழை 11.56 செ.மீ.யில் தொடங்கும், ஐந்து லாரிக்கு மேல். அதி கனமழை 20.4 செ.மீ.க்கு மேல், ஒன்பதரை லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்காக நாம் நாள்கணக்கில் காத்திருந்தது நினைவிருக்கும். அந்த மூன்று லாரியைக் கிணற்றுக்குள் விடும் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் கமிட்டிக்கு நினைவூட்டுகிறேன். வெள்ளமும் வறட்சியும் நமக்கு ஒரே மாடியிலிருந்துதான் வருகின்றன.

மூன்றாவது, நமக்கென்று ஒரு கூண்டு வேண்டும். வானிலைத் துறை இப்போது நிறத்தில் சொல்கிறது. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். நம் கட்டடத்துக்கு அதை இப்படி எழுதலாம். மஞ்சளுக்கு, வடிகால் கம்பித் தட்டைச் சுத்தம் செய்து, பம்ப்புக்கு டீசல் வாங்கி வைப்பது. ஆரஞ்சுக்கு, பின்பக்கக் கார்களை முன்னால் கொண்டு வருவது, தரைத்தளத்துக் காகிதங்களும் மருந்துகளும் மேலே போவது. சிவப்புக்கு, தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் மாலைக்குள் மாடி வீடுகளுக்கு வந்துவிடுவது. எந்த வீட்டாரை எந்த வீட்டார் அழைத்துக்கொள்வது என்று இப்போதே பெயர் எழுதி ஒட்டிவிடலாம். என் வீட்டில் ஒரு அறை தயார். வாட்ஸ்அப் குழுவில் போன தடவை 140 செய்திகள் வந்தன. அவற்றில் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது மூன்று.

கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. வழக்கம்போல் ஸ்டில்ட் பார்க்கிங்கில்தான். வந்தவுடன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, உங்களுக்கு எதுவரை வருகிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு அது தலைக்கு மேலே இருக்கும்.